பதினேழாம் எண் ரத்தம்

சிதம்பரத்தில் தில்லைநாதன் நினைவு நெஞ்சு மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் பொன்னுரங்கம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ஊது சார்' என்றால் தெரியும். மூச்சுப் பரிசோதனைக் கருவியின் குழாயை நோயாளியின் வாயில் வைத்துவிட்டு, "ஊது, ஊது, ஊது, வுடாத, இன்னும் இருக்குது, ஊது!" என்று அவர் போடுகிற சத்தம் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் இல்லையென்றால் பாதிப் பேர் பாதி மூச்சிலேயே நிறுத்திவிடுவார்கள். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். 2004-ல் அட்டெண்டராகச் சேர்ந்தவர் இரண்டே வருஷத்தில் அந்த அறைக்குப் பொறுப்பாளர் ஆனது அந்தத் தொண்டையினால்தான்.

ஊதி முடித்த பிறகு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. புகைப் பழக்கம் உண்டா, எத்தனை வருஷமாக, நாளைக்கு எத்தனை என்று கேட்டு நோயாளியின் தாளில் எழுத வேண்டும். எழுதிவிட்டு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். தலைமை டாக்டர் சேதுமாதவன் சொல்லச் சொன்னது நாலு வார்த்தைதான். பொன்னுரங்கம் நாற்பது சொல்வார். "சொந்த நெஞ்சையே கொளுத்திக்கிற ஆளு, நீ ஊட்டுக்கு இன்னாய்யா செய்யப் போற?" என்று அவர் கேட்கும்போது எதிரில் இருக்கிற மனுஷன் தலை கவிழ்ந்துபோகும். கூட வந்த மனைவிக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். "நல்லா கேளுங்க சார், ஊட்டுல நான் சொன்னா கேக்கறதில்ல" என்பாள்.

2008 அக்டோபரில் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை வந்தபோது, மருத்துவமனை வாசலில் 'இங்கே புகை பிடிக்கக் கூடாது' என்ற பலகையை ஆணி அடித்து மாட்டியவரும் அவரே. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கான்சாகிப் வாய்க்கால் கரைக்குப் போய், ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

பத்தொன்பது வயசில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரியில் லோடு ஏற்றப் போனபோது பிடித்த பழக்கம். கல்யாணமாகி மகள் பிறந்த அன்று மனைவி மங்கலத்திடம் விட்டுவிட்டதாகச் சொன்னார். மூன்று மாதம் விட்டார் என்பதும் நிஜம். அப்புறம் நாளைக்கு மூன்று என்று ஒரு கணக்கில் வந்து நின்றது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சிதம்பரத்தில் இறங்கியதும் ஒன்று, மத்தியானம் வாய்க்கால் கரையில் ஒன்று, சாயந்திரம் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒன்று. நாலாவது என்று ஒரு நாளும் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பிடித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் ரெண்டு கிராம்பைப் போட்டுக்கொள்வார். தன்னிடம் திட்டு வாங்குகிறவர்களும் தானும் ஒன்று என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர்கள் நோயாளிகள், தான் நல்லாயிருக்கிற ஆள். மார்கழியில் மட்டும் ஒரு வாரம் பத்து நாள் இருமல் இருக்கும். பனி என்று சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் டிசம்பரில் காடாம்புலியூரிலிருந்து இருசம்மாள் என்ற ஒரு அம்மா வந்தாள். ஐம்பது வயசு இருக்கும். மகன் செம்பியனும் மருமகளும் கூட வந்திருந்தார்கள். மூன்று தடவை ஊதச் சொல்லியும் இரண்டாவது நொடியிலேயே இருமல் வந்து மறித்தது. எப்படியோ ஊதி முடித்தபோது காகிதத்தில் வந்த எண் நாற்பத்தொன்று. நூறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று.

"பீடியா, சுருட்டா?" என்றார் பொன்னுரங்கம், பேனாவை எடுத்துக்கொண்டு.

"அந்தப் பழக்கமெல்லாம் இல்ல சாமி."

"பொவயிலை?"

"வெத்தல கூடப் போடறதில்ல சாமி."

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. இல்லை என்று ஆரம்பித்து ஆமாம் என்று முடித்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். "இந்தாம்மா, மெஷினு பொய் சொல்லாது. குடிக்காம இந்த நெஞ்சு எப்படிக் கெடும்? புள்ளைங்க எதிர்ல சொல்ல வெக்கமா இருக்குதா?"

"சத்தியமா இல்ல சாமி."

"விரலக் காட்டு."

அவள் கையை நீட்டினாள். விரல் நுனிகளெல்லாம் கருத்து, தோல் வெடித்து உரிந்திருந்தது. பொன்னுரங்கம் அந்தக் கையைப் பிடித்து மகன் பக்கம் திருப்பினார். "பாத்தியாப்பா? பீடி புடிச்சிப் புடிச்சி விரலு கரிக்கட்டையா இருக்குது. உங்கம்மாவ நல்லா கேளு." கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருபது முப்பது பேர். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இருசம்மாள் கையை இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பேசாததையே பொன்னுரங்கம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, தாளில் எழுதினார்: 'புகைப்பவர். மறைக்கிறார்.' அடுத்த மாதம் மருந்துக்கு வர வேண்டியவள் வரவில்லை. அப்படி வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். அவர் மறந்துபோனார்.

2009 ஜனவரியில் பிரிசில்லா வந்து சேர்ந்தாள். கடலூர் முதுநகர்ப் பெண். அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். இப்போது டாக்டர் பட்ட ஆய்வு. மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சேதுமாதவனின் கீழ் வேலை. காலையில் இருவருக்கும் ஒரே பஸ். சிதம்பரத்தில் இறங்கியதும் 'டீ குடிச்சிட்டு வர்றன்' என்று அவளை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் முதல் சிகரெட். பஸ்ஸில் பொன்னுரங்கம் அவளைப் 'பாப்பா' என்பார். மருத்துவமனை வாசலை மிதித்ததும் 'மேடம்' ஆகிவிடும். அவளுக்கு எங்கேயும் அவர் அண்ணன்தான்.

அவள் ஆய்வு என்னவென்று பஸ்ஸில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாள்பட்ட நெஞ்சு நோய் வந்தவர்களின் ரத்தத்தில் சில மூலக்கூறுகளை அளக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள அனுப்புகிற மூலக்கூறுகள் அவை. சிலது எதிர்ப்பைத் தூண்டிவிடும், சிலது அடக்கும். நோயாளிகளுக்கு இந்த இரண்டும் எப்படித் தட்டுக்கெட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நோயாளிகள் நாற்பது பேர் ரத்தம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத, வாழ்நாளில் புகையே பிடிக்காத, நாற்பது வயசு தாண்டிய முப்பது பேர் ரத்தமும் வேண்டும்.

நோயாளிகள் சீக்கிரம் கிடைத்துவிட்டார்கள். புகை பிடிக்காத ஆண்கள்தான் கிடைக்கவில்லை. ஒருநாள் டாக்டர் சேதுமாதவன் அறையில், பொன்னுரங்கமும் நின்றுகொண்டிருந்தபோது, அவள் சொன்னாள்: "சார், இன்னும் பத்து ஆம்பளைங்க வேணும். கேட்டா எல்லாரும் இல்லங்கறாங்க, நம்ப முடியல. நம்ம பொன்னுரங்கம் அண்ணன் ஒருத்தரத்தான் நான் தைரியமா எழுதுவேன்."

டாக்டர் சிரித்தார். "அவர விட்டா வேற யாரு? பொன்னுரங்கம், கொடுத்துடுய்யா ரத்தம்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. டாக்டர் திட்டியிருப்பார், நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். வெளியே வந்தது, "அதுக்கென்ன சார்" என்பதுதான். ஒப்புதல் படிவத்தில் 'புகைப் பழக்கம் எப்போதாவது இருந்ததா?' என்ற கேள்விக்குப் பிரிசில்லா அவரைக் கேட்காமலே 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய எண் பதினேழு.

ரத்தம் கொடுத்தவர்கள் ஊதியும் காட்ட வேண்டும். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு பொன்னுரங்கம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே ஊதிப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் பேரை ஊதவைத்தவருக்கு அந்தக் குழாயை வாயில் வைப்பது அதுதான் முதல் தடவை. எண் அறுபத்தெட்டு. மறுபடி ஊதினார். அறுபத்தேழு. அந்தக் காகிதங்களைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆம்புலன்ஸ் டிரைவர் சிங்காரம் ஊத வந்தான். அவனும் இவர் வயசு, இவர் உயரம். அவனும் அந்த முப்பது பேரில் ஒருவன். ஊதி முடித்ததும், "சரியாப் பதியல மச்சான், இன்னொரு தடவ ஊது" என்றார் பொன்னுரங்கம். அந்த இரண்டாவது மூச்சைத் தன் பெயரில் பதித்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டு. சிங்காரத்துக்கு ஒன்றும் தெரியாது. "தண்ணி குடிச்சிட்டு ஊதியிருந்தா இன்னும் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

2010 மார்ச்சில் பிரிசில்லா சோதனையைச் செய்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த நீர். கடைசித் திரவத்தை விட்டதும் மஞ்சள் நிறம் வரும். தூண்டிவிடுகிற சேதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியான மஞ்சள். பொன்னுரங்கம் ஏதோ ரிப்போர்ட் கொடுக்க உள்ளே போனவர், அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒரு பக்கம் நோயாளிகள், நல்ல மஞ்சள். மறுபக்கம் நல்லாயிருக்கிறவர்கள், எலுமிச்சம்பழத் தண்ணீர் மாதிரி வெளிறிப்போய். அந்த வெளிறிய வரிசையின் நடுவில் ஒரே ஒரு குழி மட்டும் மஞ்சளாய் இருந்தது.

"யாருது மேடம் அது?" என்றார். தெரிந்தே கேட்டார்.

"உங்களுதுதான் அண்ணே" என்றாள் அவள், முகம் வெளுத்து. "அதெப்படி இருக்கும்? நான் டியூப்பை மாத்தி வெச்சிட்டேன் போல. ஏதோ நோயாளி ரத்தம் உங்க எண்ணுல போயிடுச்சு."

அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அவரைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு டியூப் மாறியிருந்தால் இன்னும் எத்தனை மாறியிருக்குமோ என்று டாக்டர் சேதுமாதவன் கேட்டார். கேட்ட இடம் வெளி வராந்தா. நர்ஸுகளும் நோயாளிகளும் இருந்தார்கள். "கையில சுத்தம் இல்லாதவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கு? முதல்ல லேபிள் ஒட்டக் கத்துக்க. அந்தத் தட்டுல இருக்கற ஒரு எண்ணையும் நான் நம்ப மாட்டேன்." மறுபடி செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து அந்தத் தட்டும் திரவங்களும் அடங்கிய பெட்டி வர வேண்டும், மூன்று நாலு மாதமாகும். பிரிசில்லா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள். பொன்னுரங்கம் பத்தடி தள்ளி, ஒரு கிழவரின் வாயில் குழாயை வைத்தபடி நின்றார். அன்று அவர் 'ஊது' என்று சொன்னது அந்தக் கிழவருக்கே கேட்கவில்லை.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "வுடு பாப்பா, பெரியவங்க சொல்லறதுதான்" என்றார். சொன்ன வாயில் கிராம்பு இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அண்ணே இங்க ஆறுதலா பேசறீங்க" என்றாள். புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கத்தில் அவள் தூங்கிப்போனாள்.

பெட்டி ஜூலையில் வந்தது. எல்லோரிடமும் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். பதினேழாம் எண்காரர் மட்டும் சிக்கவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்றார், ஒரு நாள் உறவில் சாவு என்றார். நடுவில் ஒன்பது நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார், ரத்தம் தெளிந்துவிடும் என்று. பத்தாவது நாள் காலையில் ஒன்று, மத்தியானம் வாய்க்கால் கரையில் அடுத்தடுத்து இரண்டு, சாயந்திரம் ஒன்று பிடித்தார். அன்று அந்த நாலாவது சிகரெட்டும் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில், "இன்னிக்கு விட மாட்டேன் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே பிரிசில்லா அவரை ஆய்வுக்கூட ஸ்டூலில் உட்காரவைத்தாள். சட்டைக் கையை மடித்து, ரப்பர் பட்டையைக் கட்டியபோது வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இருசம்மாள்.

போன வாரம் மயக்கம் போட்டு விழுந்து, அன்று தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தாள். அவளுடைய பழைய தாளை எடுத்துப் பார்த்த பிரிசில்லாதான் பேசுவதற்கு ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அம்மா, இதுல புகைப்பவர்னு எழுதியிருக்குது. நீங்க இல்லங்கறீங்க. இந்தக் கை எப்படிக் கருத்துச்சு? சொல்லுங்க."

"முந்திரிக் கொட்ட வறுக்கறம்மா. பதினாறு வயசுலேர்ந்து. தோட்டத்துல தகரத்துல போட்டு வறுப்போம். கொட்டத் தோல்ல எண்ண இருக்குதில்ல, அது எரிஞ்சி பொக வரும். கண்ணு தெறக்க முடியாது. ஒடைக்கறப்ப அந்த எண்ணதான் கையில பட்டு இப்பிடி வேவுது."

பிரிசில்லா எழுதிக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா ஒன்றரை வருஷமா வரல?"

இருசம்மாள் தரையைப் பார்த்தாள். "இங்க யாரோ ஒருத்தரு, நான் பீடி குடிக்கறன்னு சொல்லிட்டாங்க. எம்புள்ளயும் நம்பிட்டான். தெனம் வேலக்கிப் போறப்ப எம்முந்தானய அவுத்து அவுத்துப் பாப்பான், பீடி முடிஞ்சி வெச்சிருக்கனான்னு. மருமவ பேத்தியக் கிட்ட வுடறதில்ல. ஊர்ல பீடிக்காரின்னே பேரு வெச்சிட்டாங்க. மறுபடி இங்க வந்தா இன்னும் இன்னா பேரு வெப்பாங்களோன்னு வரல."

யாரோ ஒருத்தர் என்றாள். அந்த ஒருத்தர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததுமே அவரை அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். கண் ஒரு தடவை பட்டுத் தாழ்ந்தது. அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிரிசில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நோயைச் சொன்னாள். "புகை உள்ள போனா நெஞ்சுல இருக்கற செல்லுங்க, 'ஆபத்து, வாங்க'ன்னு சேதி அனுப்பும்மா. காவல் செல்லுங்க ஓடி வரும். வேலை முடிஞ்சா 'போதும், போங்க'ன்னு இன்னொரு சேதி வரணும். உங்களுக்கு வாங்கன்ற சேதி ஜாஸ்தி, போதும்ன்ற சேதி கம்மி. வருஷக்கணக்கா அப்படியே நடந்து, வந்த காவலே நெஞ்சை அரிச்சிடுச்சு. பீடிப் புகைன்னாலும் கொட்டைப் புகைன்னாலும் அதுக்கு ஒண்ணுதான்."

இருசம்மாள் யோசித்தாள். "ஊர்ல சண்டன்னு வெளியூரு ஆளக் கூப்பிட்டா வந்துருவானுவோ. போங்கடான்னு சொல்ல ஆளில்லன்னா அவனுவளே ஊட்டக் கொளுத்திட்டுப் போவானுவோ. அதான?"

"அதேதாம்மா" என்றாள் பிரிசில்லா. பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு பொன்னுரங்கம் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டுங்க அண்ணே."

பொன்னுரங்கம் கையை நீட்டவில்லை. ரப்பர் பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"டியூப் மாறல மேடம்."

"இன்னா அண்ணே?"

"நீங்க மாத்தல. அது என் ரத்தந்தான். நான் சிகரெட் குடிக்கறன். இருவத்தெட்டு வருஷமா. ஊதிக் காட்டுன எண்ணும் என்னுது இல்ல, சிங்காரத்துது." இருசம்மாள் பக்கம் பார்க்க முயன்றார், அவள் கால்கள் வரைக்கும்தான் பார்வை போனது. "இவங்க தாளுல எழுதுனதும் நான்தான். இவங்க நெசம் சொன்னாங்க. பொய் சொன்ன ஆளு நான்."

பிரிசில்லா ஊசிக்கு மூடியை மாட்டினாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வராந்தாவுல என்னை நிக்க வெச்சாங்களே அன்னிக்கு, நீங்க அங்க இருந்தீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அவரை அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. வாங்க, போங்க என்பதோடு சரி.

விஷயம் காதுக்குப் போனதும் அன்றைக்கே அவரை ஊதச் சொன்னார் டாக்டர். குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது பிரிசில்லா. அவளுக்குச் சத்தம் போட வராது. "ஊதுங்க" என்று மெல்லச் சொன்னாள். அறுபத்திரண்டு. பொன்னுரங்கம் நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டாக்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு பிரிசில்லாவைப் பார்த்து, "சரி, போய் வேலையப் பாரும்மா" என்றார். அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். பொன்னுரங்கத்தை வேலையை விட்டு நீக்கவில்லை. சீட்டு எழுதுகிற கவுண்டருக்கு மாற்றினார். மூச்சு அறைக்கு ஒரு நர்ஸ் வந்தாள்.

வீட்டில் மங்கலத்திடம் சொல்வதற்கு நாலு நாள் ஆனது. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பத்திலேர்ந்து?"

"கிராம்பு எதுக்குன்னு ஒரு பொம்பளைக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா பக்கத்துலதான படுத்திருக்கறன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தன். நாளாவ நாளாவ கேக்கறதுக்கு எனக்கே வெக்கமாப் போயிடுச்சு." கொஞ்சம் ரசம் ஊற்றினாள். "ஊரானுக்கெல்லாம் நீங்க புத்தி சொல்றத தெருவுல வந்து யாராவது பெருமையாச் சொன்னா, நான் உள்ள போயிடுவன்."

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த அத்தனை வருஷமும் தனக்காக இன்னொருத்தி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது, டாக்டரிடம் கொடுத்த கடிதத்தைவிடக் கனமாக இருந்தது.

பிரிசில்லா 2011 நவம்பரில் ஆய்வேட்டை முடித்தாள். பைண்டு செய்து வந்த பிரதியை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். கவுண்டருக்கு வந்தபோது பொன்னுரங்கம் அதை வாங்கிப் புரட்டினார். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். முன்னால் நன்றிப் பக்கத்தில் டாக்டர் பெயர், நர்ஸுகள் பெயர், சிங்காரம் பெயர்கூட இருந்தது. தன் பெயரைத் தேடினார். தேடுகிறோமே என்று கூச்சமாக இருந்தும் தேடினார். பிரிசில்லா கவனித்துவிட்டாள். புத்தகத்தை வாங்கி, நடுப்பக்கம் ஒன்றை விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். "இது நீங்க" என்றாள். தவறான தகவல் தந்ததால் ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர் நீக்கப்பட்டார் என்று இருந்தது. குத்திக் காட்டுகிற குரலாக இல்லை. எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிற குரல்.

ஆய்வேட்டில் அவருடைய பொய் திருத்தப்பட்டுவிட்டது. காடாம்புலியூரில் இன்னும் திருத்தப்படவில்லை. இருசம்மாள் மாதாமாதம் மருந்துக்கு வந்தாள், தனியாகத்தான். அவளுக்குப் புகைப் பழக்கம் இல்லை என்று பிரிசில்லா எழுதிக் கொடுத்த சீட்டை மகன் நம்பவில்லையாம். இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்ததாம். அது பொன்னுரங்கத்தின் காதுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். காடாம்புலியூர் பஸ் நின்றது, புறப்பட்டது. அவர் ஏறவில்லை. திரும்பி வந்துவிட்டார். சொல்லப்போனால் இரண்டு தடவை அப்படித் திரும்பி வந்தார்.

டிசம்பர் முப்பதாம் தேதி விடியக்காலையில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் கடலூரை அடித்துப் போட்டது. ஒரு மாதம் கரண்ட் இல்லை, கூரை இல்லை. பிப்ரவரியில் மூன்றாவது தடவையாகப் புறப்பட்டு, இந்தத் தடவை காடாம்புலியூரில் இறங்கினார். சாலையின் இருபக்கமும் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலா மரங்கள் இடுப்பு முறிந்து நின்றன. வழி கேட்ட இடத்தில் ஒரு கிழவர், "பீடிக்கார இருசம்மா ஊடா?" என்றார்.

செம்பியன் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். கூட மரம் அறுக்க நாலைந்து ஆட்கள். அவரை அவனுக்கு உடனே தெரிந்தது. "ஊது சார் தான?"

பொன்னுரங்கம் உட்காரவில்லை. நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "உங்கம்மா பீடி குடிச்சதில்லப்பா. கொட்டப் பொகையில கெட்டுது அந்த நெஞ்சு. விரலு கருத்ததும் அதனாலதான். அவங்க சொன்னதக் காதுல வாங்காம நான் எழுதிட்டன். சிகரெட் குடிச்சதும் மறைச்சதும் நானு. என் நெஞ்சும் கெட்டுப்போச்சு. இத உங்க எதிர்ல சொல்லணும்னுதான் வந்தன்."

ரம்பத்தைப் பிடித்த ஆட்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செம்பியன் முகம் இறுகிப்போயிற்று. "இதச் சொல்ல மூணு வருஷமா சார்?" என்றான். "எங்கம்மா முந்தானய நான் அவுத்துப் பாத்தன் சார்." அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. ரம்பத்தைப் போட்டுவிட்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

இருசம்மாள் குடிசை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "குந்து சாமி" என்றாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். உள்ளிருந்து மருமகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளின் முதுகைத் தொட்டு மெல்ல மாமியார் பக்கம் தள்ளிவிட்டாள். எட்டு வயசுப் பெண். அது ரெண்டடி நடந்து நின்றுகொண்டது. கிட்டே போகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"எல்லா மரமும் போச்சு சாமி. இனிமே வறுக்கக் கொட்ட ஏது? பொகயும் கெடயாது, கூலியும் கெடயாது" என்றாள் இருசம்மாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "உனுக்கு மெஷினுல எவ்ளோ வந்துச்சு?"

"அறுபத்திரண்டும்மா."

"எனுக்கு முப்பத்தெட்டு." அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பாத்துக்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

அந்த வருஷத்தில் பொன்னுரங்கம் சிகரெட்டை மூன்று தடவை விட்டார், இரண்டு தடவை மறுபடியும் பிடித்தார். இரண்டு தடவையும் வீட்டுக்குப் போய் மங்கலத்திடம் சொன்னார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைகளில் இருசம்மாள் வரும்போது இப்போதெல்லாம் செம்பியனும் கூட வருகிறான். அவன் பக்கத்துக் கவுண்டர் வரிசையில்தான் போய் நிற்பான். ஒருநாள் அந்தக் கவுண்டர் மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் அம்மாவும் மகனும் பொன்னுரங்கத்தின் ஜன்னலுக்கு வந்தார்கள். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"இருசம்மா. காடாம்புலியூரு" என்றாள் அவள், அவருக்குத் தெரியாத பெயர் மாதிரி.

அவர் தலையைத் தூக்காமல் எழுதி, சீட்டை ஜன்னல் வழியே நீட்டினார். செம்பியன் அதை வாங்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து, மூச்சு அறைப் பக்கம் கூட்டிப்போனான்.